பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுவதை எப்படிப் படிப்பது?

எம்ஜிபி என்றொரு கார். 1962-இல் அது வந்தபோது இங்கிலாந்தின் மோட்டார் பத்திரிகைகள் கைதட்டி வரவேற்றன. எழுபதுகளின் நடுவில் அதே ஊர்ப் பத்திரிகைகள் 'இதையெல்லாம் இன்னுமா விற்கிறார்கள்' என்ற தோரணைக்கு வந்துவிட்டன. 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தபோது ஆளாளுக்கு இரங்கல் எழுதினார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் பளபளவென்று அட்டைப்படத்தில் திரும்பி வந்தது, இந்த முறை பொத்திப் பாதுகாக்க வேண்டிய பொருளாக. 18 வருடம் தயாரிப்பில் இருந்த அந்தக் காரில் அப்படியொன்றும் தலைகீழ் மாற்றம் நடந்துவிடவில்லை. பத்திரிகைக்காரர்கள் அதைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் மாறிக்கொண்டே வந்தது.

இந்த வகைக் கார்கள்மேல் புதிதாக ஆசை வந்து, கிடைத்த பத்திரிகைகளையெல்லாம் புரட்ட ஆரம்பிக்கிறவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரு பத்திரிகை ஹேண்ட்லிங் அருமை என்கிறது. இன்னொன்று அதே காரை வளைவில் நம்பாதீர்கள் என்கிறது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எந்த வருடம் எழுதியது, எந்த வகைக் கட்டுரை, ஓட்டிப் பார்த்தது யாருடைய வண்டி, இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிட்டுப் படித்தால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

எந்தக் கார்களைச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்ஜி, ட்ரையம்ப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார், லோட்டஸ், மார்கன் இவர்களெல்லாம் செய்த, பெரும்பாலும் இரண்டு சீட், மடக்கிவிடக்கூடிய துணிக் கூரை, முன்னால் என்ஜின், பின் சக்கரங்களுக்கு விசை என்றிருக்கும் வண்டிகள். ஜாகுவார் மாதிரி சிலவற்றை விட்டுவிட்டால் பெரிய பணக்காரர் அல்லாதவரும் எட்டிப்பிடிக்கிற விலை. அது எப்படிக் கட்டுப்படியானது என்றால், பாதி வண்டி குடும்பக் கார்களிலிருந்து எடுத்ததுதான். நம் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் ஐம்பதுகளின் எம்ஜிஏ காரில் இருந்த என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அதையே 1798 சிசி வரை பெரிதாக்கி எம்ஜிபி-யில் வைத்தார்கள். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள். அதன் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டின் சேஸை (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) சுருக்கி மாற்றியமைத்து, அதன்மேல் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த அழகான பாடியை வைத்ததுதான் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமாகத் தூக்கிக்கொள்ளுமே அந்த பானெட், அது இரண்டு வண்டிக்கும் பொது. ஆகவே ஸ்பிட்ஃபயரைப் பற்றி லண்டன் பத்திரிகை புலம்புகிற பல விஷயங்கள் வண்டலூர்ப் பக்கத்துப் பழைய மெக்கானிக்குகளுக்குப் புதிதே இல்லை.

சரி, பத்திரிகைக்கு வருவோம். முதல் வகை ரோடு டெஸ்ட். மோட்டார் விகடன், ஆட்டோகார் இந்தியா படிக்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான்: கம்பெனியிடமிருந்து வண்டியை வாங்கி, சில நாள் ஓட்டி, வேகம், மைலேஜ், பிரேக், சொகுசு எல்லாவற்றையும் அளந்து எழுதுவது. அந்த ஆட்டோகாரின் தாய்ப் பத்திரிகை 1895-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தொடங்கியது. அந்த வருடம் இங்கிலாந்துச் சாலையில் கார் என்பதே வேடிக்கைப் பொருள், அதற்குள் அதற்கொரு பத்திரிகை. ரோடு டெஸ்ட் என்ற வடிவத்தை 1928-இல் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக அவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். போட்டிக்கு 'தி மோட்டார்' என்று இன்னொரு வாரப் பத்திரிகை. பல பத்தாண்டுகள் வாராவாரம் மல்லுக்கட்டிய இரண்டும் 1988-இல் ஒன்றாகிவிட்டன.

இவர்கள் அளந்த விதம் இப்போது பார்த்தாலும் மரியாதை வருகிறது. காரின் ஸ்பீடோமீட்டரை நம்ப முடியாது என்பதால் பின்பக்கம் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒன்றை ஐந்தாவது சக்கரமாக மாட்டி, அது உருளுகிற கணக்கிலிருந்து உண்மையான வேகத்தை எடுப்பார்கள். காற்று உதவி செய்துவிடக் கூடாதென்று ஒரு திசையில் ஓட்டியதை எதிர்த்திசையிலும் ஓட்டி சராசரி போடுவார்கள். வண்டியின் எடை, டயர் காற்று, அன்றைய வானிலை வரை பெட்டி கட்டி அச்சடித்திருக்கும். எம்ஜிபி மணிக்கு 100 மைலைச் சற்றே தாண்டியது, நின்ற இடத்திலிருந்து 60 மைலை எட்ட 12 வினாடி போல எடுத்தது என்றெல்லாம் இன்றைக்கும் எல்லோரும் எடுத்தாளும் எண்கள் அந்தப் பெட்டிகளிலிருந்து வந்தவைதான்.

ஆனால் பெட்டிக்கு வெளியே இருக்கிற வாக்கியங்களைக் கொஞ்சம் உஷாராகப் படிக்க வேண்டும். வண்டியைக் கொடுத்தது கம்பெனி. அடுத்த பக்கத்தில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்ததும் அதே கம்பெனி. போருக்குப் பின் ஏற்றுமதி செய்தால்தான் நாடு பிழைக்கும் என்றிருந்த காலம் வேறு. அதனால் ஐம்பதுகள், அறுபதுகளின் ரோடு டெஸ்டில் திட்டு என்பது அநேகமாகக் கிடையாது, குறைகளை மெதுவாக, சுற்றிவளைத்துச் சொல்வார்கள். 'மிக வேகமாக ஓட்டினால் ஓட்டுநரின் கவனம் தேவைப்படும்' என்கிற மாதிரி ஒரு வரி வந்தால், வண்டி வளைவில் பயமுறுத்தியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 'உயரமானவர்கள் சீட்டை இன்னும் சற்றுப் பின்னால் தள்ள விரும்பலாம்' என்றால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்திருக்கிறது. பழகிவிட்டால் இப்படிப் படிப்பதே ஒரு சுகம்.

யாருடைய வண்டி என்ற கேள்விக்கு ஜாகுவார் ஈ-டைப்பை விட நல்ல உதாரணம் கிடையாது. 1961 மார்ச், ஜெனீவா கண்காட்சியில் அறிமுகம். பத்திரிகைக்காரர்களுக்கென்று ஜாகுவார் இரண்டு வண்டிகளை ஒதுக்கியிருந்தது. ஒன்று கூப்பே, அதாவது நிலையான கூரை போட்டது, நம்பர் பிளேட் 9600 ஹெச்பி (பலர் இதைக் குதிரைத்திறன் என்று நினைத்துக்கொண்டு மலைத்துப்போகிறார்கள், அது வெறும் பதிவெண்). இன்னொன்று திறந்த வண்டி, 77 ஆர்டபிள்யூ. கூப்பேயை இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு ஜாகுவாரின் மக்கள்தொடர்பு அதிகாரி பாப் பெர்ரி ஜெனீவா போய்ச் சேர்ந்தார். அங்கே ஓட்டிப் பார்க்கக் கூட்டம் அலைமோதியதால், கவன்ட்ரியில் இருந்த சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸிடம் சொல்லி, இன்னொரு வண்டியையும் ராத்திரியே ஓட்டி வரவழைத்தார்கள். இந்தக் கதை இல்லாமல் ஈ-டைப் கட்டுரையே கிடையாது. ஐம்பதாம் ஆண்டு, அறுபதாம் ஆண்டு என்று எந்த விழா வந்தாலும் மறுபடி அச்சேறும்.

எண்களுக்கு வருவோம். கூப்பேயை ஆட்டோகார் சோதித்தது: மணிக்கு 150.4 மைல். திறந்த வண்டியை தி மோட்டார் சோதித்தது: 149.1 மைல். திறந்த வண்டியின் விலை வரியெல்லாம் சேர்த்து 2,097 பவுண்டு, அந்த வேகத்தில் போகிற ஃபெராரி வேண்டுமென்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். 'இரண்டாயிரம் பவுண்டுக்கு 150 மைல்' என்ற அந்த ஒரு கணக்குதான் ஈ-டைப்பை ஈ-டைப் ஆக்கியது என்பது என் கட்சி. அழகு அப்புறம்தான். ஆனால் அந்த இரண்டு வண்டிகளும் சும்மா வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தவை அல்ல. என்ஜினைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தார்கள், உச்ச வேக ஓட்டத்துக்குப் பந்தய டயர் மாட்டினார்கள். சாதாரண வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய வண்டி 150-ஐத் தொடுவது அரிது என்று பிற்காலப் பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதிவிட்டன. இது ஏமாற்றா? அந்த அளவுக்கு நான் போகமாட்டேன். அளந்தது நிஜமான வேகம், அந்த வண்டி நிஜமாகவே அப்படி ஓடியது. அந்த எண்ணைப் போய் எல்லா ஈ-டைப்புக்கும் ஒட்டுவதில்தான் கோளாறு. அதைக் கம்பெனியும் செய்தது, பத்திரிகையும் செய்தது, வாங்கியவர்களும் ஆசையோடு நம்பிக்கொண்டார்கள்.

ஜாகுவாருக்கு இந்த வித்தை புதிதும் இல்லை. 1949 மே மாதம் பத்திரிகைக்காரர்களை விமானத்தில் பெல்ஜியத்துக்கு அழைத்துப்போய், ஜாபெக் என்ற ஊருக்குப் பக்கத்து நேரான நெடுஞ்சாலையில் எக்ஸ்கே120-ஐ அவர்கள் கண்ணெதிரே 132.6 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார்கள். முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சின்னக் காற்றுத்தடுப்பு மட்டும் வைத்து எடுத்த வேகம் அது. நான்கு வருடம் கழித்து ட்ரையம்ப் தன் டிஆர்2-ஐ அதே சாலைக்குக் கொண்டுபோய் 124 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டியது. ஒரே சாலை, ஒரே நாடகம், வேறு கம்பெனி.

இதற்கெல்லாம் நேர் எதிர்த்திசையில் உட்கார்ந்திருந்தது மோட்டார் ஸ்போர்ட். 1924-இல் ப்ரூக்லாண்ட்ஸ் கெஜட் என்ற பெயரில் தொடங்கி அடுத்த வருடமே பெயர் மாறியது. பச்சை அட்டை, பொடி எழுத்து, நெருக்கியடித்த பத்திகள். 1936-இலிருந்து 1991 வரை பில் பாடி என்ற ஒரே ஆசிரியர். ஐம்பத்தைந்து வருடம்! பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றே எழுதுவார். அவரிடம் ஐரோப்பியப் பந்தயங்களை எழுதிக்கொண்டிருந்தவர் டெனிஸ் ஜென்கின்சன், இத்தாலியில் நடந்த 1955 மில்லே மிலியா பந்தயத்தில் பந்தய வீரர் ஸ்டர்லிங் மாஸுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒரு சுருளில் எழுதிவைத்த வளைவுக் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கையால் சைகை காட்டி ஜெயித்தாரே, அவர்தான். அந்த வண்டி மெர்சிடிஸ், அது வேறு விஷயம். ஆனால் பின்னாளில் அவர் சொந்தமாக ஈ-டைப் வைத்துக்கொண்டு பந்தயத்துக்குப் பந்தயம் ஐரோப்பா முழுக்க அதிலேயே போய்வந்தார். வாரக் கடைசிக்குக் கடன் வாங்கிய வண்டியைப் பற்றி எழுதுவதற்கும், வருடக்கணக்கில் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு ஓட்டிய வண்டியைப் பற்றி எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் குறிப்புகளில் பார்க்கலாம். நீண்டகால அறிக்கை என்று இன்று எல்லாப் பத்திரிகையிலும் ஒரு பக்கம் வருகிறதல்லவா, பழைய கார் விஷயத்தில் எனக்கு ரோடு டெஸ்டை விட அதில்தான் நம்பிக்கை அதிகம்.

அமெரிக்காவை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். போர் முடிந்து எம்ஜி டிசி போன்ற சின்ன வண்டிகள் அங்கே போக ஆரம்பித்த காலத்திலேயே, 1947-இல் ரோடு அண்ட் டிராக் தொடங்கியது. பெரிய பெரிய அமெரிக்கக் கார்களுக்கு நடுவில் இந்தப் பொடி வண்டியை ஓட்டுவதே ஒரு ரசனை என்று ஒரு தலைமுறைக்குப் பாடம் எடுத்த பத்திரிகை அது. பிரிட்டிஷ் கம்பெனிகள் தயாரித்ததில் பெரும்பங்கு அந்தச் சந்தைக்குத்தான் போனது. அதனால் அங்கே சட்டம் மாறினால் பிரிட்டனில் வண்டி மாறும். 1974 கடைசியில் எம்ஜிபி-க்குக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்ததும், வண்டியை ஒன்றரை அங்குலம் உயர்த்தியதும் அப்படித்தான். போதாக்குறைக்கு முன்பக்கம் இருந்த ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள், வளைவில் வண்டி சாய ஆரம்பித்தது. 1976-இல் திரும்ப வைத்தார்கள். இடைப்பட்ட அந்த வருடங்களின் டெஸ்டை மட்டும் படித்தால் எம்ஜிபி மோசமான கார் என்று தோன்றும். 1962 டெஸ்டை மட்டும் படித்தால் அதைப்போல உண்டா என்று தோன்றும்.

ஸ்பிட்ஃபயர் கதையும் அதேதான். ஹெரால்டிலிருந்து வந்த பின்பக்க ஸ்விங் ஆக்சிலில் (இரண்டு பக்கமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் ஆக்சில்) ஒரு குணம்: வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின் சக்கரம் உள்வாக்கில் மடங்கிக்கொண்டு, வண்டியின் வால் முந்திக்கொள்ளும். 1970-இல் வந்த மார்க் 4-இல் பட்டை ஸ்பிரிங்கைப் பொருத்தும் விதத்தை மாற்றி இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். (சென்னையில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெசல் காரிலும் ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிவிட்டுச் சாதாரண முழு ஆக்சிலுக்கே போய்விட்டார்கள்.) ஆக ஸ்பிட்ஃபயர் ஆபத்தா என்ற கேள்விக்கு முன்னால் எந்த வருட ஸ்பிட்ஃபயர் என்று கேட்க வேண்டும்.

எழுபதுகளில் பத்திரிகைகளின் குரலே மாறியது. ஒரு வண்டியைத் தனியாக ஓட்டிப் பாராட்டிய காலம் போய், மூன்று நான்கு வண்டிகளை நிறுத்தி ஒப்பிட்டு, கடைசியில் ஒன்றுக்கு முதலிடம் கொடுக்கும் வழக்கம் பெருகியது. கார் என்ற பெயரிலேயே வந்த மாதப் பத்திரிகை, 1965 முதல் அந்தப் பெயர், நாசூக்கெல்லாம் பார்க்காமல் அடித்தது. ஒப்பீடு என்று வந்துவிட்டால் பழைய வடிவமைப்பு தப்பிக்க முடியாது. கோல்ஃப் ஜிடிஐ மாதிரி குடும்பத்தோடு போகிற ஹேட்ச்பேக், மழை ஒழுகாமல், குளிரில் அடம்பிடிக்காமல், எம்ஜிபி-யை விட வேகமாகவும் போனால் என்னதான் எழுதுவார்கள்? 1979 செப்டம்பரில் ஆபிங்டனில் எம்ஜியின் ஐம்பது வருடத்தைக் கொண்டாடி முடித்த கையோடு, ஆலையை மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. அந்த நொடியிலிருந்து எம்ஜிபி-யைத் திட்டுவது கெட்ட பழக்கமாகிவிட்டது. செத்தவரைப் பற்றிக் குறை பேசுவோமா?

இதற்குள் இன்னொரு வகைப் பத்திரிகை வளர்ந்திருந்தது. 1973-இல் கிளாசிக் கார் என்ற பெயரில் தொடங்கி, பிறகு தரோப்ரெட் அண்ட் கிளாசிக் கார்ஸ் ஆனது ஒன்று. 1980-இல் ப்ராக்டிகல் கிளாசிக்ஸ். 1982-இல் கிளாசிக் அண்ட் ஸ்போர்ட்ஸ் கார். இவற்றுக்கு வேகத்தைப் பற்றிய கவலை இல்லை. அசலா, துரு எவ்வளவு, விலை என்ன, பாகம் கிடைக்குமா என்பவைதான் கேள்விகள். நீங்கள் இப்போது வாங்கப்போகும் பத்திரிகை அநேகமாக இந்த வகையில் ஒன்று, அதனால் இதை உள்ளே புகுந்து பார்ப்போம்.

முன்பக்கங்களில் இருப்பது காதல் கட்டுரை. அதிகாலை, ஈரச் சாலை, வேல்ஸ் மலைப்பக்கம், ஆளில்லாத வளைவுகள், எக்ஸாஸ்ட் சத்தம். படங்கள் பிரமாதமாக இருக்கும், எழுத்தும் சில சமயம் பிரமாதமாக இருக்கும், ஆனால் தகவலுக்கென்று படித்தால் ஏமாந்துபோவீர்கள். தேய்ந்த சங்கதிகளும் இங்கேதான் அதிகம். உலகிலேயே அழகான கார் ஈ-டைப்தான் என்று என்ஸோ ஃபெராரியே சொன்னதாக ஒரு வரி கட்டாயம் வரும். எங்கே சொன்னார், யாரிடம் சொன்னார், எப்போது சொன்னார், அது மட்டும் வராது. மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனிக்கு இருட்டின் இளவரசன் என்று பட்டம் கொடுத்த ஜோக்கும் தவறாமல் வரும். வயரிங்கைத் தெரிந்தவர்கள், பாதித் தொல்லை துருப்பிடித்த எர்த் இணைப்பில்தான் என்பார்கள். 1967 வரை எம்ஜிபி-யில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்) என்பதைக் கவனிக்காமல் ரேடியோ மாட்டிப் புகையவிட்டால் அதற்கு லூகாஸ் என்ன செய்யும்?

நடுப்பக்கம் தாண்டினால் வாங்குவோருக்கான வழிகாட்டி வரும். பத்திரிகையில் நேர்மையான பகுதி இதுதான் என்பேன். புதியவர்கள் முதலில் படிக்க வேண்டியதும் இதைத்தான். காரணம், இதில் உட்கார்ந்து பேசுவது வருடக்கணக்கில் அந்த ஒரே மாடலை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள். அவர்களுக்கு விடியற்காலை வெளிச்சமெல்லாம் கண்ணில் படாது, தகடுதான் படும்.

எம்ஜிபி வழிகாட்டியையே எடுத்துக்கொள்வோம். இந்த வண்டிக்குத் தனியாக சேஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. மேலே கூரையும் இல்லை. ஆக நடுப்பகுதியைத் தாங்குவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில் என்ற பாகம்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு மாதிரி இருக்கும். உள்ளே மூன்று. வெளித்தகடு, நடுவே சுவர் போல ஒரு தகடு, அதற்கும் உள்ளே கோட்டை மதில்போலப் பல்பல்லாக வெட்டிய இன்னொன்று, அதற்குப் பெயரே காசில் ரெயில். மழைத்தண்ணீரும் சேறும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு உள்ளிருந்து வெளியே தின்னும். வெளித்தகட்டில் பொத்தல் தெரிகிறது என்றால் உள்ளே கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம். டிங்கரிங் கடைகள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்: துருப்பிடித்ததை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தகட்டை வைத்து வெல்டு அடித்து, பட்டி போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். விற்கும் நாள் வரைக்கும் தாங்கினால் போதுமல்லவா?

அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டி சொல்லித்தரும் சோதனைகள் அழகானவை. கதவை மூடிவிட்டு, அதன் பின் ஓரத்துக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. முன் மட்கார்டின் அடிப்பக்கம் சில்லோடு சேரும் இடத்தில் ஒரு மூட்டுக்கோடு தெரிய வேண்டும், வழவழவென்று ஒன்றுமே தெரியவில்லை என்றால் அங்கே இருப்பது பட்டி. சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போய் ஒட்டிப் பாருங்கள், பட்டியில் ஒட்டாது. விற்பவர் சம்மதித்தால் ஜாக்கி வைத்துத் தூக்கியபின் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். என்ஜினைப் பற்றி அதே வழிகாட்டி நாலு வரிதான் எழுதும். அதை எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யலாம், பாகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பாடிதான் பணத்தை விழுங்கும்.

ஒவ்வொரு காருக்கும் இப்படி ஒரு இடம் உண்டு. லோட்டஸ் எலான் பாடி ஃபைபர் கிளாஸ், துருவே பிடிக்காது என்று சந்தோஷப்படுவதற்குள், அதைத் தாங்கும் முதுகெலும்பு சேஸ் இரும்பு என்று வழிகாட்டி ஞாபகப்படுத்தும். அந்த சேஸ் அழுகும் என்பது தெரிந்து பின்னாளில் கம்பெனியே துத்தநாகம் பூசிய மாற்றுச் சேஸைக் கொடுத்தது. அதனால் இன்று ஒரு எலானில் சேஸ் மாற்றியது என்று போட்டிருந்தால் விலை குறையாது, வாங்குபவர் நிம்மதியாவார். ஈ-டைப்பில் அதையே கேட்டால் முகம் சுளிப்பார்கள். அங்கே என்ஜின் நம்பர், பாடி நம்பர் எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

மறுசீரமைப்புத் தொடர்கள் இருக்கின்றனவே, ப்ராக்டிகல் கிளாசிக்ஸ் வளர்ந்ததே அதில்தான். ஆசிரியர் குழுவினர் சொந்தமாக ஓட்டை வண்டிகளை வாங்கிவைத்துக்கொண்டு கையைக் கறுப்பாக்கிக்கொண்டு எழுதுவார்கள். 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபி-யின் பழைய அச்சுகளைத் தேடியெடுத்து முழு பாடியைப் புதிதாகவே அடித்து விற்க ஆரம்பித்தபோது இந்தத் தொடர்களின் போக்கே மாறியது. மாதக்கணக்கில் வெல்டிங் அடிப்பதா, புது பாடி வாங்கிப் பழைய சாமான்களை மாற்றிவிடுவதா? இரண்டாவது வழியில் வருவது அசல் வண்டிதானா என்ற சண்டை வாசகர் கடிதங்களில் வருடக்கணக்கில் நடந்தது.

விலைப் பக்கங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஒரே காருக்கு மூன்று நான்கு விலை போட்டிருப்பார்கள்: போட்டிக்கு நிறுத்தும் தரம், நன்றாக ஓடுவது, சுமார், பிரித்துப்போட்டது. எல்லோரும் தங்கள் வண்டி முதல் வகை என்று நினைக்கிறார்கள், கிடைப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை. எண்பதுகளின் கடைசியில் இந்தக் கார்களின் விலை ராக்கெட்டாக ஏறியபோது முதலீடு என்ற பேச்சு இந்தப் பக்கங்களில் தாராளமாகப் புழங்கியது, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விலை சரிந்ததும் அந்தப் பேச்சும் காணாமல் போனது. விளம்பரம் கொடுப்பவர்கள் யார் என்று பாருங்கள்: ஏல நிறுவனம், டீலர், இன்சூரன்ஸ். விலை இறங்கும் என்று சொன்னால் சந்தோஷப்படும் ஆள் அங்கே ஒருவரும் இல்லை.

வாசகர் கடிதங்கள் சும்மா பொழுதுபோக்கு என்று தாண்டிவிடாதீர்கள். நாற்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை என்று 2018 மே மாதம் பிரிட்டனில் விதி வந்தது. அது சலுகையா, ஆபத்தா என்பது ஒரு சண்டை. அதே மாதம் ஹாரி இளவரசர் திருமணத்தன்று மாலையில் மின்சாரத்துக்கு மாற்றிய ஈ-டைப்பை ஓட்டிக்கொண்டு போனார், அது இன்னொரு சண்டை. பெட்ரோல் வாடை இல்லாத ஈ-டைப் ஈ-டைப்பே இல்லை என்கிறவர்களும், வண்டி வீட்டில் தூங்குவதற்குப் பதில் ஓடினால் சரி என்கிறவர்களும் இன்னும் முடித்தபாடில்லை. நான் முதல் கட்சி.

கடைசிப் பக்கங்களில் வரி விளம்பரங்கள். அங்கே ஒரு தனி பாஷை. 'நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது' என்றால் நிறுத்தி எத்தனை வருடம் என்று கேளுங்கள். 'பெரும்பாலான பாகங்கள் உள்ளன' என்றால் இல்லாதவைதான் கிடைக்காதவை. 'புதிதாகப் பெயின்ட் அடித்தது' என்றால் அடிப்பதற்கு முன் எடுத்த போட்டோ கேளுங்கள், தயங்காமல் அனுப்புகிறவரிடம் மட்டும் வண்டி பார்க்கப் போங்கள். 'நேரமின்மையால் விற்கிறேன்' என்றிருந்தால் பக்கத்திலேயே கோணிப்பையும் அட்டைப்பெட்டியுமாக ஒரு கராஜை கற்பனை செய்துகொள்ளலாம். 'வழக்கமான இடங்களில் கொஞ்சம் துரு' என்று ஒரு எம்ஜிபி-க்குப் போட்டிருந்தால், அந்த வழக்கமான இடம் எது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.